விரால் கேட்கும் ஒரு கைத் தண்ணீர்

அந்தக் காலத்தில் மீனும் மனிதனும் ஒரே பாஷை பேசினார்கள். மனிதனுக்கு மட்டும் பொய்யும் பேசத் தெரிந்திருந்தது. அரிசி கழுவிய நீரோ மோர்ப்பானை அலம்பிய நீரோ, குளத்தில் எதை ஊற்றினாலும் முதலில் அதில் ஒரு கை குடித்துக் காட்ட வேண்டும் என்பது ஊர்க் கட்டு. குடிக்க முடியாததைக் குளத்தில் விடாதே, அவ்வளவுதான்.

அங்கே ஒரு தாய் விரால் குஞ்சு பொரித்திருந்தது. கண்ணாடி மாதிரிக் குஞ்சுகள். அவற்றை விட்டு அந்தண்டை இந்தண்டை நகராது.

கரையில் சாயப்பட்டறை வைத்திருந்தவன் மாரப்பன். அரண்மனைக் கல்யாணத்துக்குச் சிவப்புச் சேலை கேட்டிருந்தார்கள். சேலையெல்லாம் தோய்த்து முடித்ததும் தொட்டிக் கழிவைக் குளத்தில் திறக்க வந்தான்.

"மாரப்பா, குடிச்சுக் காட்டிட்டு ஊத்து" என்றது விரால்.

"குடிக்காம என்ன தாயி? வெறும் வேர்ச் சாயந்தானே!"

கையைக் குழித்து வாய்க்குக் கொண்டுபோனான். மீசை நனைந்தது, தொண்டை அசையவில்லை. அத்தனையும் முழங்கை வழியே வழிந்தது. குஞ்சுகள் பக்கம் திரும்பியிருந்த விரால் அதைக் கவனிக்காமல் நம்பிவிட்டது.

தொட்டி திறந்தது. கெண்டையும் கெளுத்தியும் வயிறு மேலாக மிதந்தன. விரால் குஞ்சுகள் செக்கச்செவேலென்று சிவந்து மூச்சுத் திணறின.

"பாவி! குடிச்சேன்னியே!"

"இத்தாம் பெரிய குளம், தானா கரைஞ்சிடும். சும்மா கத்தாதே."

கரைந்தது, வாஸ்தவம்தான். கரைந்து ஊற்றுக்கண் வழியாக அவன் வீட்டுக் கிணற்றுக்கே போனது. வயலில் நாற்று கருகியது. அவன் மகளுக்கு உடம்பெல்லாம் புண். தன் வினை தன்னைச் சுடும் என்பார்கள். எங்கே சுட்டது? ஒன்றும் அறியாத பிள்ளையை அல்லவா சுட்டது! இந்த அநியாயத்தை யாரிடம் போய்ச் சொல்ல?

தொட்டி திறந்த அந்த நேரத்தில் தாய் விரால் அழுதுகொண்டு நிற்கவில்லை. குஞ்சுகளைத் தலையால் முட்டி முட்டி மேலே தள்ளியது.

"நம்ம வீட்டுல மூச்சு விட முடியாமப் பண்ணிட்டான். வாங்கடா, அவன் காத்துல பங்கு கேப்போம்!"

குஞ்சுகள் வாயைத் திறந்து காற்றை விழுங்கின. பிழைத்தன.

அன்று முதல்தான் விரால் குஞ்சுகள் சிவப்பாகத் திரிகின்றன, தாய் கூடவே காவல் போகிறது, விரால் அடிக்கடி மேலே வந்து வாயைத் திறக்கிறது. மீன் விளையாடுகிறது என்கிறார்கள் கரையில் நிற்பவர்கள். விளையாட்டாம்! "நீ விட்டதில் ஒரு கை குடி, பார்ப்போம்" என்று அது கேட்கிறது. இன்றுவரை ஒருவரும் குடித்துக் காட்டவில்லை.