இருவாச்சியார் தலைமையேற்ற ஆய்வுக் குழு

மலைச்சரிவில் நின்ற நெடிய மரமொன்றின் பொந்துக்குள் பொன்னலகி என்னும் பெண் இருவாச்சி குஞ்சு பொரித்திருந்தாள். முட்டையிடப் போகும் இருவாச்சி, பொந்தின் வாயை மண்ணால் அடைத்துக்கொண்டு, அலகு நீட்டும் அளவுக்கு ஒரு பிளவை மட்டும் விட்டுவைக்கும். குஞ்சு ஓரளவு வளரும்வரை வெளியே வராது. இரை கொண்டுவருவது கணவனின் கடமை.

அவளுடைய கணவன் நெடுஞ்சிறகன் அக்கடமையில் ஒரு குறையும் வைக்கவில்லை. நாள் தவறாமல் அத்திப்பழம் கொண்டுவந்தான். காட்டுச் செய்திகளையும் கொண்டுவந்தான். பழத்தைவிடச் செய்தி சற்று மிகுதியாகவே இருந்தது.

"நாளை விடியலில் அவை கூடுகிறது! யானைகளின் கோடை வழியை முடிவு செய்யப்போகிறோம்!" என்றான் ஒரு நாள்.

கோடையில் யானைக் கூட்டம் ஆற்றுக்கு இறங்கும். செல்லும் வழியில் மரங்கள் முறியும். ஆதலால் எந்த வழியாகச் செல்வது என்பதை ஆண்டுதோறும் அவை கூடி யானைகளுக்குச் சொல்லியனுப்புவது அக்காட்டின் வழக்கம்.

"இந்தச் சரிவு மட்டும் வேண்டாம் என்று சொல்லுங்கள். இங்கே மரத்துக்கு மரம் கூடு! நம் குஞ்சு பொரிந்து நான்கு நாள்தான் ஆகிறது," என்றாள் பொன்னலகி.

"நான் இருக்கும்போது உனக்கென்ன கவலை? என் சொல்லை அவை ஒருநாளும் தட்டியதில்லை!"

"நீங்கள் ஏதாவது சொல்லியிருந்தால்தானே தட்டுவதற்கு?"

மறுநாள் விடியலில் உச்சிப் பாறையில் அவை கூடியது. கரடியார் தலைமை தாங்கினார். மயில், கலைமான், கடுவன் குரங்கு எனப் பலரும் வந்திருந்தனர். பெண்களில் ஒருவரும் இல்லை. அந்நேரத்தில் பிணைமான்கள் கன்றுகளுக்குப் பாலூட்டிக்கொண்டிருந்தன. பேடைகள் முட்டையின்மேல் அமர்ந்திருந்தன. மந்திகள் வயிற்றில் குட்டி தொங்க, அந்தச் செங்குத்துப் பாறையை அண்ணாந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போயின.

நெடுஞ்சிறகன் எழுந்து தொண்டையைச் செருமினான். "அவையோரே! என் இல்லாள் ஒரு செய்தி..."

"நல்ல வேளை, நினைவூட்டினீர்!" என்று இடைமறித்தார் கரடியார். "இந்த அவைக்குப் பெண்கள் ஏன் வருவதே இல்லை? பெருங்குறை அல்லவா? இதனை ஆராய ஒரு குழு வேண்டும். இருவாச்சியாரே தலைமை ஏற்கட்டும்!"

எல்லோரும் ஆரவாரம் செய்தனர். நெடுஞ்சிறகனுக்குத் தன் அலகின்மேல் இருந்த கொண்டை ஒரு சாண் உயர்ந்துவிட்டதுபோல் தோன்றியது. சொல்ல வந்த செய்தி அந்த உயரத்திலிருந்து தெரியவில்லை.

குழு உடனே பாறையின் ஓர் ஓரத்தில் கூடி ஆராய்ந்தது.

"பெண்களுக்குத் தோகை இல்லை. ஆகவே தன்னம்பிக்கை இல்லை!" என்றது மயில்.

"கொம்பும் இல்லை. கொம்பில்லாமல் எப்படி வாதிடுவது?" என்றது கலைமான்.

"அண்ணே, நான் என் மனைவியை நேரிலேயே கேட்டுவிட்டேன்," என்றது கடுவன். "'குட்டியைச் சற்று நேரம் பிடியுங்கள், போய்வருகிறேன்' என்கிறாள்! நான் கேட்டது என்ன, அவள் பேசுவது என்ன? பேச்சை மாற்றுகிறாள், பாருங்கள்!"

"தெளிவாகிவிட்டது. பெண்களுக்குப் பொதுக்காரியத்தில் இயல்பாகவே அக்கறை இல்லை!" என்று முடித்தான் நெடுஞ்சிறகன்.

அதே வேளையில் பாறையின் நடுவே கரடியார் கேட்டுக்கொண்டிருந்தார்: "யானைகள் மலைச்சரிவு வழியாகச் செல்லட்டும். மறுப்பவர் உண்டா?"

மறுக்க வேண்டியவன் ஆய்வில் மூழ்கியிருந்தான். தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. உடனே யானைகளுக்குச் செய்தியும் போயிற்று.

நெடுஞ்சிறகன் ஓர் அத்திப்பழத்தைக் கவ்வியபடி பொந்துக்குப் பறந்து வந்தான். பழத்தைப் பிளவு வழியாகக் கொடுத்துவிட்டு, "என்னைக் குழுத் தலைவர் ஆக்கிவிட்டார்கள்!" என்றான்.

"யானை வழி என்னவாயிற்று?"

அப்போதே நிலம் அதிர்ந்தது. சரிவின் மேற்புறத்தில் முதல் மரம் முறிந்து விழும் ஓசை கேட்டது. பொந்துக்குள் குஞ்சு வீறிட்டது. குஞ்சுக்குப் பறக்கத் தெரியாது. பொந்துக்குள் அடைபட்டிருந்த காலத்தில் சிறகிறகு உதிர்ந்திருந்த தாய்க்கும் இப்போது பறக்க இயலாது.

நெடுஞ்சிறகன் பதறிப் பறந்து, முன்னால் வந்த யானையின் எதிரே தாழ்ந்தான். "யானைத் தலைவரே, நில்லுங்கள்!"

"தலைவர் அல்லர் ஐயா, தலைவி. எங்கள் கூட்டத்துக்கு வழி சொல்பவள் நான்தான்," என்றது யானை. "உங்கள் அவை ஒருமனதாகச் சொன்ன வழி இது. நீர் மறுத்தீரா?"

"நான் அப்போது... ஒரு குழுவில் இருந்தேன்."

"என்ன குழு?"

அவன் சொன்னான். பெண் யானை காதுகளை விசிறிச் சிரித்த சிரிப்பில் சருகுகள் பறந்தன.

"பெரியம்மா!" என்று பிளவிலிருந்து குரல் வந்தது. "அவரைக் கேட்டு என்ன பயன்? என்னைக் கேளுங்கள்! அதோ, அந்த வறண்ட ஓடை ஆற்றுக்குத்தான் போகிறது. அதில் மரமும் இல்லை, கூடும் இல்லை. பிணைமான்கள் கன்றுகளோடு நாள்தோறும் இறங்குவதை இந்தப் பிளவு வழியாகப் பார்க்கிறேன்."

"உண்மைதான், தாயே!" என்றது கன்றோடு நின்ற பிணைமான் ஒன்று. "மணல் கெட்டியாக இருக்கிறது. நீங்கள் மூவர் அருகருகே நடக்கலாம்."

யானைத் தலைவி உயர்த்திய காலை மெல்லப் பின்னே வைத்தாள். கூட்டம் ஓடைப்பக்கம் திரும்பியது.

கரடியார் மூச்சிரைக்க ஓடிவந்தார். "இவ்வளவு தெரிந்தவர்கள் அவைக்கு வந்து சொல்லியிருக்கலாமே!"

"அவை இந்த மரத்தடியில் கூடட்டும், கரடியாரே! கன்றுகள் உறங்கும் நண்பகலில் கூடட்டும். நாளைக்கே வருகிறோம்," என்றது பிணைமான்.

கரடியார் நெடுஞ்சிறகனைப் பார்த்தார். "குழுத் தலைவரே, உமது முடிவு என்ன?"

பிளவுக்குள்ளிருந்து ஒரு கண் அவனையே நோக்கிக்கொண்டிருந்தது.

"முடிவில் ஒரு சிறு திருத்தம்," என்றான் நெடுஞ்சிறகன், தலையைத் தாழ்த்தி. "நாம் ஆராய வேண்டியிருந்தது பெண்களை அன்று, பாறையை!"

வர இயலாத இடத்தில், வர இயலாத வேளையில் அவையைக் கூட்டிவிட்டு, வராதவர்க்கு அக்கறை இல்லை என்று பழிப்பது அறிவுடைமை ஆகாது.