கச்சான் காற்றுக்கு ஒரு கோல்

மணல்முனைக் கடற்கரையில் தொம்மை என்றொரு தூண்டில்காரர் இருந்தார். வயது நாற்பத்து நான்கு. அவரிடம் கற்றுக்கொள்ள வந்த பிறவிப்பெருமாளுக்கு அறுபத்து மூன்று. பத்தொன்பது வயது மூத்தவராக இருந்தும் தொம்மையை "ஆசானே" என்றுதான் கூப்பிட்டார். முதலில் விளையாட்டாக. பிறகு மனசாரவே.

தொம்மை வீசியது ஈத்தூண்டில். அதில் ஈயக்குண்டு கிடையாது. முள்ளில் இறகும் நூலும் கட்டிப் பூச்சி மாதிரி செய்திருக்கும். அதற்கு எடையே இல்லை. கயிற்றைத்தான் வீச வேண்டும். கயிறு பூச்சியைக் கொண்டுபோகும். கயிற்றின் கனத்துக்குத் தகுந்தபடி தூண்டில் கோலுக்கு எண் உண்டு. ஐந்து மெலிது. பன்னிரண்டு கனம்.

முதல் நாள் பிறவிப்பெருமாள் தன் மனைவி உலகம்மாளையும் அழைத்து வந்திருந்தார். அவளுக்குக் கண்ணில் அழுத்தம். பார்வை ஓரத்திலிருந்து சுருங்கிக்கொண்டு வந்தது. இரண்டு வருடம் தாங்கும், அதற்கு மேல் சொல்ல முடியாது என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

ஆடியில் கச்சான் என்கிற மேல்காற்று அடிக்கும்போது, முழங்கால் ஆழத் தண்ணீருக்குக் கட்டா மீன்கள் வரும். வெள்ளை மணலில் அவற்றின் நிழல் ஓடும். தான் வீசிய பூச்சியை அப்படி ஒரு நிழல் துரத்தி வருவதை, கண் இருக்கும்போதே ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் என்பது உலகம்மாளின் ஆசை.

"ஆசானே, இந்தக் காத்துக்கு எத்தனையாம் எண் கோல் சரி?"

தொம்மை தன் கோலை நீட்டினார். "வீசிப் பாருங்க ஐயா."

"முதல்ல எண்ணைச் சொல்லுங்க. எட்டா, ஒன்பதா, பத்தா?"

"சர்வே ஆபீஸ்ல நிலத்தை அளந்து முடிச்சாச்சு. இப்ப காத்தை அளக்க வந்தீங்களாக்கும்?"

உலகம்மாள் சிரித்தாள். "தம்பி, எங்க வீட்டுல உளுந்தையே எண்ணித்தான் ஊறப்போடணும்."

பிறவிப்பெருமாள் சிரிக்கவில்லை. "இவளுக்கு மணிக்கட்டு மெலிசு. தப்பான கோலைக் கையில கொடுத்தா ரெண்டாம் நாளே வெறுத்துப்போவா. அளந்து பார்த்தாத்தான் தெரியும்."

தொம்மை கோலைத் திரும்ப எடுத்துக்கொண்டார்.

அந்த ஆடி எட்டாம் எண்ணோடு போயிற்று. பிறவிப்பெருமாள் நூறு வீச்சு வீசி நோட்டில் குறித்தார். அறுபத்தொன்று காற்றில் மடங்கி அவர் காலடியிலேயே விழுந்தது. உலகம்மாள் முந்தானையைத் தலையில் சுற்றிக்கொண்டு கரையில் உட்கார்ந்திருந்தாள்.

"எட்டு ஆகாது ஆசானே. அறுபத்தொண்ணு தப்பிப்போச்சு."

"எனக்கும்தான் தப்புது."

"உங்களுக்கு எத்தனை?"

"எண்ணினதில்லையே ஐயா."

அடுத்த ஆடிக்குப் பத்தாம் எண் வாங்கினார். நூற்றில் பதினான்குதான் தவறியது. ஆனால் எழுபதாவது வீச்சிலேயே மணிக்கட்டு வீங்கத் தொடங்கியது. கனத்த கயிறு தண்ணீரை அறைந்து விழ, மீன்கள் சிதறி ஓடின.

"அம்மாவும் ஒரு கை வீசட்டுமே," என்றார் தொம்மை.

"கோல் முடிவாகட்டும்."

ஒன்பதாம் எண் பக்கத்து ஊர்களில் கிடைக்கவில்லை. சென்னையில் ஒருவரிடம் இருப்பதாகத் தெரிந்து, அந்த ஆடி முடியப் பத்து நாள் இருக்கும்போது கிளம்பிப் போனார். போய்த் திரும்ப ஏழு நாள் ஆயிற்று. வந்து பார்த்தால் காற்று விழுந்திருந்தது. கோலை உறையில் போட்டுப் பரணில் வைத்தார்.

மூன்றாவது ஆடி பிறந்தது. ஒன்பதாம் எண்ணில் நூறு வீச்சு. தவறியது இருபத்திரண்டு. கை வலிக்கவில்லை. கயிறும் மெதுவாக இறங்கியது. நோட்டில் ஒன்பது என்று எழுதி அடியில் இரண்டு கோடு போட்டார். மறுநாள் காலை உலகம்மாளைக் கைபிடித்துத் தண்ணீரில் இறக்கிக் கோலைக் கொடுத்தார்.

தொம்மை அவள் பக்கத்தில் நின்றார்.

"அம்மா, வலது கைப்பக்கம். நாற்பது அடி. மூணு கட்டா."

"எங்க தம்பி?"

"இப்ப முப்பது அடி. வீசலாம்."

அவள் தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மெல்லத் திருப்பினாள். மூன்று நிழல்களும் அவள் காலை ஒட்டிக் கடந்து போயின.

"தண்ணி வெள்ளையா இருக்கு. அவ்வளவுதான் தெரியுது."

பிறகு கோலைக் கணவரிடம் கொடுத்தாள்.

"கோல் நல்லாயிருக்குங்க. கை வலிக்கவே இல்லை."

மறுநாள் பிறவிப்பெருமாள் தனியாக வந்தார். நோட்டைக் கொண்டுவரவில்லை. தொம்மை வீட்டு வாசலில் முள்ளுக்கு நூல் சுற்றிக்கொண்டிருந்தார்.

"ஆசானே, நான் எங்க தப்பு பண்ணினேன்? எட்டோட நிறுத்தியிருக்கணுமா?"

தொம்மை எழுந்து உள்ளே போனார். பழைய கோல் ஒன்றை எடுத்து வந்து அவர் கையில் கொடுத்தார். நுனி ஒடிந்து நூலால் வரிந்து கட்டியது. பிறவிப்பெருமாளின் விரல் பழக்கத்தில் கைப்பிடிக்கு மேலே எண்ணைத் தேடியது. அந்த இடம் தேய்ந்து வழவழப்பாக இருந்தது.

"என்ன இது?"

"நீங்க சென்னை போயிருந்தப்ப அம்மா பஸ் ஏறித் தனியா வந்தாங்க. நீங்க போய் நாலாம் நாள். என்கிட்ட அன்னைக்குச் சும்மா இருந்தது இதுதான்."

பிறவிப்பெருமாள் ஒடிந்த நுனியைத் தடவினார்.

"காத்து?"

"என் தொப்பி பறந்துபோச்சு."

"எத்தனை வீச்சு வீசினா?"

"நான் எண்ணல. மத்தியானம் வரைக்கும் வீசினாங்க. பாதி அவங்க முதுகுலயே வந்து விழுந்துச்சு. சிரிச்சுக்கிட்டே எடுத்து எடுத்து வீசினாங்க."

"ஒரு வருசமா என்கிட்ட ரெண்டு பேரும் சொல்லலையே."

"சொல்ல வேண்டாம்னாங்க. ஐயா அவ்வளவு தூரம் அலைஞ்சு கோல் கொண்டு வர்றாரு, அந்தக் கோல்லதான் நான் முதல்ல வீசினேன்னு இருக்கட்டும்னாங்க."

பிறவிப்பெருமாள் கோலைச் சுவரில் சாய்த்து வைத்தார். அது நழுவியது. எடுத்து மறுபடியும் சாய்த்தார்.

"கட்டா வந்ததா?"

"ஒண்ணு வந்துச்சு."

"பார்த்தாளா?"

"நல்லாப் பார்த்தாங்க ஐயா. நிழல் திரும்பி, பூச்சி பின்னாலயே வந்துச்சு. உடனே, என்னங்க, இங்க வந்து பாருங்கன்னு கரையைப் பார்த்துக் கூப்பிட்டாங்க. கரையில ஆள் இல்லை."