கை போகாத வளைவு

குரு என்றால் தாடி இருக்க வேண்டும், சீடன் என்றால் மீசை அரும்பாதவனாக இருக்க வேண்டும் என்று எவன் சட்டம் போட்டானோ தெரியவில்லை. இந்தக் கதையில் குருவுக்கு முப்பத்தி நாலு வயது. பெயர் ஜெசிந்தா. கோயமுத்தூர் கணபதியில் மோட்டார் காயில் கட்டும் பட்டறை வைத்திருக்கிறாள். சீடனுக்கு அறுபத்தொன்று. பெயர் தெய்வசிகாமணி. முப்பத்தைந்து வருஷம் லேத் ஓட்டி ரிட்டயர் ஆனவர். அவருடைய கோபம் மட்டும் இன்னும் ரிட்டயர் ஆகவில்லை.

பட்டறைக்குப் பின்னால் ஒரு நீளக் கொட்டகை. அதில் பெரிய மேஜை, மேஜை மேல் பலகையால் செய்த ரோடு. பலகையில் காருக்கு ஒரு பள்ளமாகக் காடி வெட்டி, காடிக்கு இரண்டு பக்கமும் செம்புப் பட்டை ஒட்டி, கரண்டு விட்டிருப்பாள். உள்ளங்கை அளவு கார். மூக்குக்கு அடியில் ஒரு முளை. அந்த முளை காடிக்குள் உட்கார்ந்தால் கார் ஓடும். கையிலுள்ள விசையை அமுக்கினால் வேகம், விட்டால் நிதானம். ஸ்டீயரிங் கிடையாது. வளைவில் ஆசைப்பட்டு அமுக்கினால் கார் பறந்து போய் விழும். ஸ்லாட் கார் பந்தயம் என்பார்கள். சனிக்கிழமை சாயங்காலம் பத்துப் பதினைந்து பேர் கூடிவிடுவார்கள்.

அங்கே ஒரு வழக்கம் உண்டு. ஓட்டாத ஆள் கையைக் கட்டிக்கொண்டு வேடிக்கை பார்க்கக் கூடாது. வளைவுக்கு ஒருவராக நின்று, விழுகிற காரைச் சட்டென்று எடுத்துக் காடியில் வைக்க வேண்டும். யாருடைய கார் என்று பார்க்கக் கூடாது. போன ஆட்டத்தில் உங்களைத் தோற்கடித்துப் பல்லைக் காட்டியவன் காராக இருந்தாலும் சரி.

தெய்வசிகாமணி சேர்ந்த புதிதில் ஆறு வாரம் அவர் கையில் விசையே கொடுக்கவில்லை. வளைவில் நில்லுங்கள் என்று விட்டுவிட்டாள். ஏழாவது வாரம் அவருக்குப் பொறுக்கவில்லை.

“நான் என்ன உங்க வேலைக்காரனா அம்மிணி? ஊரான் காரைப் பொறுக்கிப் போடறதுக்கா பஸ் ஏறி வர்றேன்?”

“ஆமாங்ணா.”

அன்றைக்கும் பொறுக்கினார். அடுத்த வாரம் விசை கிடைத்தது.

இது நடந்து இரண்டு வருஷம். இப்போது அவர் தன் வீட்டு மாடியில் சொந்தமாக ஒரு டிராக் கட்டியிருந்தார். கட்டியதற்குக் காரணம் ஆசை என்று நினைத்துவிடாதீர்கள். காரணம் அவருடைய தம்பி ரத்தினசபாபதி.

தம்பி மகள் பவதாரணிக்கு இரண்டு மாசத்துக்கு முன்பே கல்யாணம் நிச்சயமாகியிருந்தது; தம்பி பத்திரிகையோடு வருவார் என்று தெரிந்துதான் மாடியில் வேலை ஆரம்பித்தார். ஞாயிற்றுக்கிழமை காலையில் பத்திரிகை வைக்க வருவதாகத் தம்பி சொல்லி அனுப்பியிருந்தார். அந்தப் பெண்ணே போன் பண்ணி, “பெரியப்பா, நீங்க வந்து நிக்கலைன்னா நான் மேடை ஏறமாட்டேன்” என்றது. தெய்வசிகாமணிக்கு அந்தப் பெண் மேல் உயிர் என்பது வாஸ்தவம். ஆனால் போனை வைத்த கையோடு மனைவி சுலோச்சனாவைக் கூப்பிட்டு ஒரு நிபந்தனை போட்டார்.

“வரட்டும். மாடியில என்னோட ஒரு பந்தயம் ஓட்டோணும். அவன் ஜெயிச்சா பத்திரிகையை வாங்கறேன். தோத்தா, தட்டத்தைத் தூக்கிட்டு வந்த வழியே போகச் சொல்லு.”

“ஏனுங்க, கல்யாணப் பத்திரிகைக்குப் பந்தயமா? கேக்கறவங்க சிரிக்க மாட்டாங்களா?”

“சிரிக்கட்டும்.”

தம்பி பிறந்ததிலிருந்து அந்த விசையைத் தொட்டதில்லை. இவரோ தன் ரோட்டில் நாற்பது நாளாக ஓட்டிப் பழகியிருந்தார். என்ன நியாயமோ!

வெள்ளிக்கிழமை மத்தியானம் டிராக்கைச் சோதித்துத் தரச் சொல்லி ஜெசிந்தாவைக் கூப்பிட்டிருந்தார். அவள் வந்து வெயிலில் கேட்டுக்கு வெளியே நின்றாள். கேட் பூட்டியிருந்தது. பட்டப்பகலில் வீட்டுக்குள் ஆளை வைத்துக்கொண்டு கேட்டைப் பூட்டுகிற வழக்கம் அந்தத் தெருவில் அவருக்கு மட்டும்தான். மாடியிலிருந்து ஒரு காலை இழுத்து இழுத்து இறங்கி வந்து, சாவியைத் தேடித் திறப்பதற்குப் பத்து நிமிஷம் ஆனது.

“மன்னிச்சுக்கோங்கம்மிணி. இந்தக் காலு கேக்க மாட்டீங்குது.”

“பரவால்லீங்ணா.”

மாடிக்குப் போனார்கள். டிராக்கைப் பார்த்தால் யாருக்கும் வாய் பிளக்கும், பொய் சொல்லக் கூடாது. வால்பாறை மலை ரோட்டை அப்படியே மேஜை மேல் இறக்கி வைத்திருந்தார். மரத்தூளுக்குப் பச்சைச் சாயம் ஏற்றித் தேயிலைத் தோட்டம். பாத்திரம் தேய்க்கிற நாரைப் பிய்த்து மரங்கள். தீக்குச்சி அடுக்கி ஒரு டீக்கடை, அதன் வாசலில் ஒரு குட்டிப் பெஞ்சு. ரோட்டோரம் மஞ்சள் கல், அதில் வளைவு எண்கூட எழுதியிருந்தார். எல்லாவற்றுக்கும் மேலாக, அறையின் மூலையில் மலை. தெர்மாகோலை அடுக்கி மேலே பிளாஸ்டர் பூசிய மலை, மார்பளவுக்கு எழும்பி நின்றது. மேஜையை இரண்டு சுவரோடும் சேர்த்து ஆணி அடித்திருந்தார். ரோடு ஒரு குகைக்குள் நுழைந்து, மலைக்கும் சுவருக்கும் நடுவில் கொண்டை ஊசியாய்த் திரும்பி, இன்னொரு குகை வழியாக வெளியே வந்தது.

ஜெசிந்தா மேஜையோரமாகப் பார்த்துக்கொண்டே நடந்தாள். மலைக்குப் பக்கத்தில் நின்றாள்.

“இந்த வளைவுல யாருங்ணா நிக்கறது?”

“யாரும் நிக்க வேண்டாம். ஓட்டறது நானும் அவனும். மூணாவது ஆளு எதுக்கு?”

“வண்டி விழுந்தா?”

அவர் இதற்காகத்தான் காத்திருந்தவர் போலச் சிரித்தார்.

“விழோணும்னுதானுங்களே மலையை அங்க வெச்சிருக்கறது! என் வண்டி விழாது. அவனுது ரெண்டாவது சுத்துல விழும். விழுந்தா அங்கயே கெடக்கட்டும். நான் கெடக்கலீங்களா? மூணு வருசத்துக்கு முந்தி வளைவுல மணல்ல சறுக்கி ஸ்கூட்டரோட விழுந்தேனே, தொடை எலும்பு ரெண்டாப் போச்சே, மூணு மாசம் கட்டில்ல கெடந்தேனே! கூடப் பொறந்தவன் எப்ப வந்தான் தெரியுங்களா? நாலாம் நாளு!”

“ஊர்ல இல்லைங்க அவரு,” என்றாள் டீ கொண்டு வந்த சுலோச்சனா. “ஓசூருக்கு வேலையாப் போயிருந்தாரு. சேதி தெரிஞ்சதும் ஓடி வந்தாரு.”

“நீ சும்மா இரு! நாலாம் நாளு வர்றானாமா, ஆரஞ்சுப் பழம் வாங்கிட்டு! ஏன், பத்து நாள் கழிச்சு வந்து பாலூத்தறதுதானே? நானும் லேசுப்பட்டவன் இல்லீங்கம்மிணி. ஆஸ்பத்திரியில இருந்து வீட்டுக்கு வந்த அன்னைக்கு மறுபடி வந்தான். கேட்டைத் தொறக்காதேன்னு சொல்லிப்போட்டேன். முக்கா மணி நேரம் வெயில்ல நின்னான். சன்னல் வழியாப் பாத்துட்டே படுத்திருந்தேன். நின்னு பாத்துப்போட்டுப் போயிட்டான். இதுதாங்க அவன் பாசம்!”

சொல்லும்போதே அவருக்கு மூச்சு வாங்கியது. சுலோச்சனா டம்ளரை வைத்துவிட்டுக் கதவோரமாக நின்றுகொண்டாள்.

ஜெசிந்தா டீயைக் குடித்து முடித்தாள். பையிலிருந்து தன் காரை எடுத்து வெளித்தடத்தில் வைத்தாள்.

“அஞ்சு சுத்து ஓட்டிப் பாத்தறலாமுங்ணா.”

தெய்வசிகாமணி தன் சிவப்புக் காரை உள்தடத்தில் வைத்தார். அந்தக் காருக்கு மோட்டார் காயில்கூட அவரே கட்டியது. அவள்தான் சொல்லிக் கொடுத்திருந்தாள்.

முதல் சுற்றில் இரண்டும் சேர்ந்தே போயின. குகைக்குள் நுழைந்தன, வெளியே வந்தன. இரண்டாவது சுற்றில் சிவப்புக் கார் ஒரு சாண் முந்தியது. மூன்றாவதில் இரண்டு சாண். அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! குருவையே முந்துகிறோம் என்ற நினைப்பில் நாலாவது சுற்றில் விசையை நன்றாக அமுக்கினார்.

சிவப்புக் கார் குகைக்குள் போனது. உள்ளே சுவரில் மோதிய சத்தம் கேட்டது. அப்புறம் ஒன்றும் வரவில்லை.

பின்னாலேயே போன ஜெசிந்தாவின் காரும் உள்ளே எதிலோ இடித்து நின்றது. விழுந்த கார் அவள் தடத்துக்குக் குறுக்கே கிடந்திருக்க வேண்டும்.

“ஐயோ! எடுங்கம்மிணி, எடுங்க! சீக்கிரம்!”

இரண்டு வருஷப் பழக்கம், வாய் தானாகக் கத்திவிட்டது. ஜெசிந்தா விசையைக் கீழே வைத்துவிட்டு மலைப் பக்கம் போனாள். கார் கூரை இடிக்காத அளவுக்கே உயரமிருந்த குகை வாய்க்குள் கையை விட்டாள். மணிக்கட்டோடு நின்றுவிட்டது. இந்தப் பக்கம் சுற்றி வந்து சுவர் இடுக்கில் விட்டுப் பார்த்தாள். நாலு விரல் போனது, அதற்கு மேல் போகவில்லை. கையை எடுத்து மலை மேல் வைத்துக்கொண்டு நின்றாள்.

தெய்வசிகாமணிக்குத் தலைக்கேறியது.

“என்னுங்க நீங்க! வண்டி உள்ள கெடக்குது, கல்லாட்டம் நிக்கறீங்க?”

அவள் கை மலை மேலேயே இருந்தது.

“இதுதான் நீங்க எனக்குச் சொல்லிக் குடுத்த லட்சணமா? ஆறு வாரம் என்னை வளைவுல நிக்க வெச்சீங்கல்லோ! எவன் வண்டி விழுந்தாலும் எடுக்கோணும்னு சொன்னீங்கல்லோ! எத்தனை பேரோட வண்டியை எடுத்துக் குடுத்திருப்பேன்! இன்னைக்கு என் வண்டி விழுந்தா மட்டும் சும்மா நின்னு பாக்கறீங்க! நல்லா இருக்குதுங் உங்க நியாயம்!”

“வந்தேனுங்ணா,” என்றாள் ஜெசிந்தா. “கூப்பிட்ட உடனே வந்தேன். நிக்கத்தான் முடியுதுங். கை போறதுக்கு நீங்க எடம் வெக்கலீங்களே.”

அவர் மலையைப் பார்த்தார், அதன் மேல் இருந்த அவள் கையைப் பார்த்தார். சன்னல் வழியாகக் கீழே கேட் தெரிந்தது. அவள் வந்த பிறகு அதை மறுபடி பூட்டிவிட்டுத்தான் மேலே ஏறியிருந்தார். சாவி அவர் சட்டைப் பையில் இருந்தது.

சுலோச்சனா கதவோரத்தில் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

தெய்வசிகாமணி நாற்காலியில் உட்கார்ந்தார். கோபம் போய்விட்டது என்று சொன்னால் நம்பாதீர்கள், அத்தனை சுலபமாகப் போகிற கோபம் அல்ல அது. பல்லைக் கடித்துக்கொண்டு அந்த மலையையே முறைத்தார்.

“நாலாம் நாளுதானுங்களே வந்தான்.”

“ஆமாங்ணா.”

“மொத நாளே வந்திருக்கோணும்ல?”

“வந்திருக்கோணுமுங்ணா.”

அவள் ஒத்துக்கொண்டதுதான் அவருக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. எதிர்த்துப் பேசினால் சண்டையாவது போடலாம். காலை இழுத்துக்கொண்டு எழுந்து மலைக்குப் பக்கத்தில் போனார். குகைக்குள் தானே கையை விட்டார். அவர் கை லேத் ஓட்டிய கை, அவள் கையைவிடத் தடிமன். விரல் முட்டியிலேயே தடுத்துவிட்டது. சிவப்புக் கார் எங்கே கிடக்கிறது என்றுகூடத் தெரியவில்லை.

“மூணு வாரம் ஒக்காந்து செஞ்சதுங்கம்மிணி இந்த மலையை.”

“தெரியுதுங்ணா. நல்லா இருக்குது.”

“ஞாயித்துக்கெழமை பத்து மணிக்கு வந்துருவான்.”

ஜெசிந்தா மேஜைக்கு அடியில் குனிந்து, தெர்மாகோல் அறுத்த ரம்பத்தை எடுத்து டீக்கடைக்குப் பக்கத்தில் வைத்தாள். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, அவர் முன்னால் கையை நீட்டினாள். எதற்கென்று அவருக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு சட்டைப் பையிலிருந்து கேட் சாவியை எடுத்துக் கொடுத்தார். அவள் அதைச் சுலோச்சனாவின் கையில் கொடுத்தாள்.

தெய்வசிகாமணி ரம்பத்தை எடுத்தார். மலையின் நெஞ்சுக்கு நேராக வைத்தார். அங்கே ஒரு குட்டி மரம் இருந்தது. அதைப் பிடுங்கி ஓரமாக வைத்துவிட்டு மறுபடியும் ரம்பத்தை வைத்தார். இழுக்க மனசு வரவில்லை.

“இந்த எடத்துல வெட்டினா உள்ள வெள்ளை வெள்ளையாத் தெரியும். ரெண்டு நாள்ல பூசிக் காய வெச்சுச் சாயம் அடிக்க முடியாது. பொக்கை வாயாட்டம் நிக்குமே அம்மிணி. அவன் பாத்தா என்ன நெனைப்பான்? பாக்கறதுக்கு அசிங்கமா இருக்குமே?”

படியில் கால் வைத்திருந்த ஜெசிந்தா திரும்பிப் பார்த்தாள்.

“கை போனாப் போதுமுங்ணா.”