ஓக் பலகையின் கடைசி வளையம்

ஆறுமுகநயினாருக்கு ரொசாலியைவிடப் பதினைந்து வயது கூட. இருந்தாலும் அவளைத்தான் அவர் குருவாக வரித்திருந்தார். தாமிரபரணிக் கால்வாய்களில் ஓவர்சியராக இருந்து ஓய்வு பெற்று, இங்கிலாந்தில் மகள் வீட்டோடு வந்து தங்கியவர். வாய்க்கால் தடம் தெரிந்த கண் வேண்டும் என்று அவரை அகழாய்வில் சேர்த்துக்கொண்டு, மண்ணை வாசிக்கக் கற்றுக்கொடுத்தவள், அந்த அகழாய்வை நடத்தும் தூத்துக்குடிக்காரி ரொசாலி. அவள் அவரை அண்ணாச்சி என்பாள். அவர் அவளை அம்மா என்பார்.

ஆற்றோரப் புல்வெளியில், நார்மன்காரர்கள் படையெடுத்து வருவதற்கு முன்னால் அந்த நாட்டில் வாழ்ந்த சாக்சன் குடியானவர்கள் கட்டிய தண்ணீர் மில் ஒன்று கிடைத்திருந்தது. பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். கூரை வேய்ந்த ஒரு கொட்டகை, அதன் அடியில் ஒரு குழி. குழிக்குள் மரச்சக்கரம் தட்டைப்போலப் படுத்துக் கிடக்கும். மரத்தூம்பு வழியாகப் பீறிட்டு வரும் தண்ணீர் அதன் இறக்கைகளில் அடிக்க, மேலே திரிகைக்கல் சுற்றும். அவ்வளவுதான்.

அது எப்போது கட்டப்பட்டது என்பதில்தான் சண்டை. இந்த வித்தையெல்லாம் அந்தச் சனங்களுக்கு வெகுகாலம் கழித்தே வந்தது என்று பெரிய பேராசிரியர் ஒருவர் புத்தகமே எழுதியிருந்தார். அதற்கு நூறு வருஷம் முன்பே வந்துவிட்டது என்றார் நயினார். ஓய்வு பெற்ற ஓவர்சியர்கள் மீன் பிடிக்கப் போகலாமே என்று பேராசிரியர் ஒரு கூட்டத்தில் சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள். நயினாரும் சிரித்து வைத்தார். வீட்டுக்கு வந்த பிறகு அவருக்குச் சோறு இறங்கவில்லை.

பதில் சொல்ல அவரிடம் ஒரே ஒரு பலகை இருந்தது. சக்கரக் குழியின் அடியில் கிடைத்த ஓக் பலகை.

மரத்துக்கு வருஷத்துக்கு ஒரு வளையம். வளையங்களின் அகல வரிசையை வருஷம் தெரிந்த பழைய மரங்களோடு ஒப்பிட்டால் எது எந்த வருஷத்து வளையம் என்று சொல்லிவிடலாம். பட்டையை ஒட்டிய கடைசி வளையம் எதுவோ, அதுதான் மரம் வெட்டப்பட்ட வருஷம். ஆனால் தச்சர்கள் வைரம் பாய்ந்த உள்மரத்தை வைத்துக்கொண்டு, வெளியே இருக்கும் வெள்ளை மரத்தைச் செதுக்கி எறிந்துவிடுவார்கள். குழியில் கிடைத்த மற்ற மரமெல்லாம் அப்படித்தான் இருந்தது. இந்தப் பலகையில் மட்டும் எந்தத் தச்சனோ சோம்பல்பட்டு ஓர் ஓரத்தை விட்டு வைத்திருந்தான். ஈரத்தில் ஊறி ஊறி அந்த வெள்ளை மரம் தண்ணீரில் நனைத்த ரொட்டிபோல ஆகியிருந்தது. தெரியாதவர் கண்ணுக்கு அது வெறும் சேறு.

டோரீன் கண்ணுக்கும் சேறாகத்தான் தெரிந்தது. டோரீன் அந்த ஊர்க்காரி, பள்ளிக்கூடச் சமையற்கட்டில் வேலை பார்த்து ஓய்ந்தவள். சம்பளம் இல்லாமல் வந்து பானை ஓடுகளைக் கழுவித் தருவாள். அன்று காலை ஓடுகள் சீக்கிரம் முடிந்துவிட்டன. வளையம் எண்ண அனுப்பும் வரை காய்ந்து வெடிக்காமல் இருக்க, பக்கத்துத் தண்ணீர்த் தொட்டியில் பலகையைப் போட்டு வைத்திருந்தார்கள். மத்தியானம் ஊர்ச் சனம் பார்க்க வரப்போகிறது, இப்படி அழுக்காகவா காட்டுவது என்று பாத்திரம் தேய்க்கும் நாரை எடுத்து நன்றாகத் தேய்த்துவிட்டாள். நயினார் வந்ததும் பெருமையாகத் தூக்கிக் காட்டினாள். சோப்பு எதுவும் போடவில்லை, பயப்பட வேண்டாம் என்றும் சொன்னாள்.

நயினார் பலகையின் ஓரத்தைத் தடவினார். வைரம் வழவழவென்று இருந்தது. வெள்ளை மரம் ஒரு நூல்கூட இல்லை.

அவர் சத்தம் போடுகிற ஆள் இல்லை. அன்றைக்குப் போட்டார். நாற்பது பேர் மண் வெட்டிக்கொண்டிருந்த இடத்தில், எல்லாருக்கும் புரியும்படி இங்கிலீஷிலேயே போட்டார். தேய்க்கத்தான் தெரியும் என்றால் அந்தச் சமையற்கட்டிலேயே கிடந்திருக்கலாமே என்று கேட்டார். டோரீன் கையைத் துடைத்துக்கொண்டே போய்த் தன் காரில் உட்கார்ந்தாள். காரைக் கிளப்பவில்லை. இப்போது அவளால் ஓட்ட முடியாதாம், மகன் சாயந்திரம் வந்து கூட்டிப்போவான் என்று யாரோ வந்து சொன்னார்கள். நயினாருக்கு அதுவும் நடிப்பாகவே பட்டது.

பலகையைத் தூக்கிக்கொண்டு ரொசாலியிடம் போனார்.

"இவளை இன்னையோட அனுப்பிரணும்மா. இனிமே இங்க கால் வைக்கக் கூடாது."

ரொசாலி பலகையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அவள் முகமும் சிவந்துதான் போயிருந்தது.

"எனக்கும் வயிறு எரியுது, அண்ணாச்சி."

"எரிஞ்சு என்ன செய்ய? இத்தனை காலம் மண்ணு காப்பாத்துச்சு. வெள்ளம் வந்தப்பகூட ஒண்ணும் ஆகலை. இவ ஒரு காலைப்பொழுதுல தேய்ச்சுத் தண்ணியில விட்டுட்டா. அந்தப் பேராசிரியன் இனி சாகுற வரைக்கும் சிரிப்பான். இதுக்கு என்ன தண்டனைன்னு நீங்களே சொல்லுங்க."

ரொசாலி பலகையைத் திரும்பத் தண்ணீருக்குள் வைத்தாள். ரப்பர் பூட்சை மாட்டிக்கொண்டாள். சக்கரக் குழிக்கு அவரை அழைத்துப் போனாள்.

"இந்த மில்லு எப்படி முடிஞ்சுதுன்னு சொல்லுங்க."

"உங்களுக்குத் தெரியாததா?"

"பள்ளிக்கூடப் பிள்ளைகள் வந்தா சொல்லுவியளே. அப்படிச் சொல்லுங்க."

அவர் கடுப்போடுதான் ஆரம்பித்தார். குழிக்குள் விழுந்து கிடந்த இரண்டு கல்லும் ஒன்றோடு ஒன்று உரசி உரசி முகம் மழுங்கிப்போனதைச் சொன்னார். மேலே கொட்டிய தானியம் தீர்ந்து வெறுங்கல் ஓடினால்தான் அப்படி ஆகும். கல்லில் பொறி பறக்கும். மாவுத்தூசி பற்றிக்கொள்ளும், அப்புறம் கூரை. எரிந்த கோதுமை ஈரக்குழிக்குள் கொட்டியதால்தான் அந்தச் சனம் என்ன தின்றது என்று இன்றைக்கு நமக்குத் தெரிகிறது. சொல்லச் சொல்ல அவர் குரல் இளகியது. மில்காரன் சாய்ந்து உட்கார்ந்து குறட்டை விடும் இடம் வந்ததும், பிள்ளைகளுக்குச் செய்து காட்டுவதுபோல அவரை அறியாமலே ஒரு குறட்டையும் விட்டார்.

"தூங்கிட்டான், பாவம்," என்று முடித்தார்.

"அப்ப அறுப்பு முடிஞ்ச சமயம், இல்லையா?"

"ஆமா. ஊர்க் கோதுமை பாதி இங்கதான் இருந்திருக்கும்."

"அந்தக் குளிர்காலம் எப்படிப் போயிருக்கும்?"

"எப்படிப் போகும்? பட்டினிதான். பச்சைப் பிள்ளைகள் செத்திருக்கும்."

"மில்காரனை ஊர்ல என்ன செஞ்சிருப்பாவ?"

"சும்மா விட்டிருப்பானுவளா? அடிச்சுத் தொரத்தியிருப்பானுவ."

"நீங்க அங்க இருந்திருந்தா?"

"முத அடி என்னோடதாத்தான் இருந்திருக்கும்."

"இப்ப பாவம்னு சொன்னியளே."

நயினார் குழியைப் பார்த்தார். கருகிய மரங்களுக்கு இடையே தண்ணீர் ஊறிக்கொண்டிருந்தது.

"அது நடந்து ஆயிரம் வருஷத்துக்கு மேல ஆச்சேம்மா," என்றார்.

ரொசாலி பாதையோரம் நின்ற காரைப் பார்த்தாள்.

"அத்தனை வருஷம் நமக்கு இல்லை, அண்ணாச்சி. டோரீன் சாயந்திரம் வரைக்கும்தான் அங்க இருப்பாவ."