நூல் கட்டிய அவரை

"என் அவரைக்காயைப் பறித்தது யார்?"

ஆவுடையப்பன் அடுக்களை வாசலில் நின்று கேட்டார்.

உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருந்த குருவம்மை இலையிலிருந்து நிமிரவில்லை. அவருக்குக் குரு அவள்; வயதில் அவரைவிடச் சின்னவள். ஆனாலும் அவள் சொல்லுக்காகத்தான் வேலையை விட்ட கையோடு அவர் இந்த ஆசிரமத்துக்கு வந்தார்.

"நான்தான் அண்ணாச்சி."

"சிவப்பு நூல் கட்டியிருந்தேனே அம்மை. மார்கழித் திருவாதிரைக்கு, ஏழுகறிக் குழம்புக்குன்னு ஒதுக்கினது."

"நூல் கட்டின காய் கசக்குமோன்னு பார்த்தேன். கசக்கலை."

பந்தியில் சிரிப்பு. அவர் சிரிக்கவில்லை.

"என் மக வடிவு வாரா. அவ கல்யாணத்துக்கு நான் போகலை. இப்பத்தான் போனிலே ரெண்டு வார்த்தை பேசுதா. ஏழு காயும் என் கையால வளர்த்து அவ இலையிலே வைக்கணும். ஒண்ணு குறைஞ்சாலும்..."



அம்மை கை கழுவிவிட்டுத் தோட்டத்துக்கு நடந்தாள். அவர் பின்னாலேயே போனார்.

சேனைக்கும் பூசணிக்கும் பக்கத்தில், நட்ட தேதி எழுதிய மூங்கில் குச்சிகள். அவரைப் பந்தல் முழுக்கச் சிவப்பு நூல்.

அவள் இன்னொரு காய்க்குக் கை நீட்டினாள்.

அவர் அந்தக் கையைப் பிடித்துவிட்டார். குருவின் கையை.

இருவரும் அசையவில்லை.

"விடுங்க," என்றாள் மெதுவாக.

விட்டார்.

அவள் காயைப் பறித்துப் பிளந்து அவர் உள்ளங்கையில் வைத்தாள். தோல் நாராகியிருந்தது. விதை கல்லாகக் கிடந்தது.

அவர் அடுத்த காயைத் தடவிப் பார்த்தார். அதற்கடுத்ததையும்.

"முத்திப்போச்சு," என்றார். "போன வாரமே பறிச்சிருக்கணும்."

"மக எப்ப வாரேன்னு சொன்னா?"

"திருவாதிரைக்கு."

"அது நீங்க சொன்ன நாளு. அவ கேட்ட நாளு?"

அவர் உள்ளங்கையிலிருந்த விதையை விரலால் உருட்டினார்.

"புரட்டாசியிலேயே வாரேன்னா. அப்போ கொடி பந்தலே ஏறலை. எல்லாம் காய்க்கட்டும், பிறகு வான்னேன்."

"அவ என்ன சொன்னா?"

"சரின்னா."

அம்மை அடுக்களைக்குத் திரும்பிப் போனாள்.

அவர் மடியிலிருந்த போனை எடுத்தார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. இனி எடுக்கமாட்டாள் என்று தோன்றியபோது குரல் வந்தது.

"அப்பா?"

"இன்னைக்கே கிளம்பி வா, வடிவு."

"திருவாதிரைக்கு இன்னும் நாள் இருக்கே. காயெல்லாம் காய்ச்சாச்சா?"

"இல்லை," என்றார்.