காக்காயைக்கூடச் சுடாத துப்பாக்கி

சேர்மக்கனிக்கு கோவம் மூக்கு நுனியிலயே உக்காந்திருக்கும். பட்டாளத்துல இருபது வருசம் ஆயுதம் பழுது பாத்த மனுசன். ஐம்பது வயசுல, தன்னவிடப் பதினஞ்சு வயசு சின்னவளான அஞ்சுகத்துக்கிட்ட, பழைய துப்பாக்கிச் சாமானுக்கு மதிப்புப் போடக் கத்துக்க வந்தா, கோவம் வராம என்ன செய்யும்? ஆனா மலையடிவாரத்துல லைசன்ஸ் உள்ள பழுதுக்கடை அவ கடை ஒண்ணுதான்.

அன்னிக்குச் சாயங்காலம் பூரணத்தம்மான்னு ஒரு அம்மா அனுமதிச் சீட்டோட வந்தாங்க. எஸ்டேட் காவக்காரரோட சம்சாரம். அவரு தவறி மூணு மாசம். அவரோட துப்பாக்கிய விக்கணுமாம். குழல் துரு, கட்டை செல்லரிச்சுப் போச்சு. தேறுறது குதிரை செட்டு மட்டுந்தான். குதிரைன்னா தோட்டா முதுகுல அடிக்கிற இரும்பு. பின்னால ஏத்தி வச்சா நிக்கும், விசைய இழுத்தா விழும்.

"அவுக ஒரு காக்காயக்கூடச் சுட்டதில்ல"ன்னு சொல்லிட்டு, அந்தம்மா எதுத்தாப்புல டீ குடிக்கப் போயிட்டாங்க.

சேர்மக்கனி செட்டக் கழட்டி, கண்ணாடிய மாட்டிக்கிட்டு பாத்தாரு. அடிக்கிற முகத்துல ஒரு தழும்பு இல்ல. அப்பவே மருமகன் நெனப்பு வந்துருச்சு. அவன் துப்பாக்கில குதிரை ஒடஞ்சு கெடக்கு, வயல்ல காட்டுப்பன்னி மேயுது. இன்னிக்கே ஒண்ணு மாட்டித் தாரேன்னு வாக்குக் குடுத்துட்டு வந்திருந்தாரு.

"புது விலையே போடலாம்"னாரு.

"இரும்பு விலைதான் போகும். மாட்டக் கூடாது"ன்னா அஞ்சுகம்.

போதாதா அவருக்கு? காரணம் சொல்லுன்னாரு, கண்ணுல கோளாறான்னாரு, கடைசில, "வாத்தியாரம்மா, நான் பட்டாளத்துல துப்பாக்கி கழட்டும்போது உங்களுக்குப் பால்பல்லே விழலம்மா"ன்னாரு.

அவ செட்ட வாங்கினா. குதிரைய ஏத்தினா. செட்ட மேசை மேல, வாசலப் பாக்க வச்சா.

"கொஞ்ச நேரம் சும்மா இருங்கண்ணே."

சும்மா இருக்கிற ஆளா அவரு? பேசிக்கிட்டேதான் இருந்தாரு. ஆனா மேகம் இறங்கி கடை இருட்டாச்சு. அந்தக் குதிரை கழுத்தப் பின்னால சாய்ச்சுக்கிட்டு நின்ன நிலை, யாரோ வாறதுக்காகக் காத்துக்கிட்டு இருக்கிற மாதிரியே இருந்துச்சு. அவரு குரல் தானா இறங்குச்சு. அப்புறம் நின்னே போச்சு.

பூரணத்தம்மா திரும்பி வந்து, பலகைத் தரையில கால வச்சாங்க.

டக்.

குதிரை விழுந்துருச்சு. சேர்மக்கனி மொதல்ல தன் கையத்தான் பாத்துக்கிட்டாரு. ரெண்டு கையும் மடியில இருந்துச்சு.

அந்தம்மா வச்ச கால எடுக்காம நின்னாங்க. ரேஷன் கடைச் சேதி சொல்ற மாதிரி சொன்னாங்க. தெனமும் அந்தி சாய, தேயிலை பறிச்சிட்டு வீட்டுக்கு வருவாங்களாம். வீட்டுக்காரரு எதுத்த செவுத்துல சாஞ்சு உக்காந்து, குதிரைய ஏத்தி, வாசல்ல நிக்கிற இவங்கள குறி பாத்துக்கிட்டே இருப்பாராம். அப்புறம் குதிரையக் கட்டைவெரலால தாங்கி மெதுவா இறக்கிட்டு, உள்ள வான்னு சொல்லுவாராம். பதினெட்டு வருசம்.

"ஏத்துற சத்தம் எனக்குப் பழக்கம். விழுற சத்தத்த இன்னிக்குத்தான் கேக்கேன்."

சேர்மக்கனிக்கு மருமகன் துப்பாக்கியோட வயல் காவப் பரண்ல உக்காந்திருக்கிறதும், மக தூக்குவாளியோட வரப்புல நடந்து வாறதும் கண்ணுல வந்துச்சு. அப்பவும் வாய் அடங்கல. சத்தம் மட்டுந்தான் கொறஞ்சிருந்துச்சு.

"ஒருக்காகூடச் சுடலையே அந்தாளு. பின்ன தானா விழுற அளவுக்கு எதும்மா தேஞ்சுது?"

அஞ்சுகம் செட்டப் பொரட்டினா. குதிரைய விழாம நிறுத்துற பல்லு உள்ள இருந்துச்சு, எள்ளளவு. அதுல சேர்மக்கனி வெரல எடுத்து வச்சா. வழுவழுன்னு இருந்துச்சு.

"சுடுறது புதுசாத்தான் இருக்குண்ணே. சுடாமப் பிடிச்சு வச்சிருந்தது பாருங்க, அதுதான் தேஞ்சிருக்கு."