லோன்லி ராணியும் ஐம்பது தோழிகளும்

வெகு காலத்துக்கு முன்னே, வெள்ளைக்காரத் துரைமார் நம் ராஜாக்களுக்குக் கை குலுக்கப் பழக்கிக்கொண்டிருந்த நாளிலே, வேலங்காட்டுச் சீமையைத் திருமேனி ராஜா என்று ஒருத்தர் ஆண்டுவந்தார். நல்ல மனுஷர்தான். ஆனால் ஒன்று பிடித்துவிட்டால் பைத்தியமாகப் பிடித்துவிடும். அந்த வருஷம் பிடித்தது இங்கிலீஷ். துரை ஒருவர் வந்து இரண்டு நாள் தங்கிப் போனதுதான் தாமதம், "இனி அரண்மனைக்குள் கடுதாசி எல்லாம் இங்கிலீஷிலேதான்!" என்று போட்டார் ஒரு உத்தரவு.

அவருக்குத் தெரிந்ததோ இருபது வார்த்தை. மற்றதையெல்லாம் படித்து அர்த்தம் சொல்லத் துபாஷி சிங்காரவேலு இருந்தார். துபாஷிக்கோ, மந்திரி ஆவுடையப்பரின் நாற்காலி மேல் ஒரு கண்.

ராணி மதுரவல்லி மலைநாட்டிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்து ஆறு மாசம்தான் ஆகியிருந்தது. பிறந்த வீட்டில் ஒரு துரைசானி அவளுக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்திருந்தாள். ராஜாவோ காலையில் துபாஷியோடு பாடம், மாலையில் துரைகளைப் போலப் பந்தாட்டம் என்று இருந்துவிட்டார். அந்தப்புரம் பக்கம் அவர் எட்டிப் பார்த்தே மாசம் நாலாகிவிட்டது. உத்தரவு போட்ட மறுநாள் அங்கிருந்து ஒரு சீட்டு வந்தது. ஒரே வரி: 'ஐ ஆம் லோன்லி.'

"என்னய்யா அர்த்தம்?" என்றார் ராஜா.

துபாஷி தொண்டையைச் செருமிக்கொண்டார். "லோன்லி என்றாலும் அலோன் என்றாலும் ஒன்றுதான் மகாராஜா. தனியாக இருக்கிறாராம்."

"அடப் பாவமே! பத்துத் தோழிகளை அனுப்பு!"

அடுத்த வாரமும் அதே சீட்டு. இருபது பேரும் ஒரு கிளிக்கூண்டும் போயின. அதற்கடுத்த வாரமும் அதே சீட்டு. இன்னும் இருபது பேர் போனார்கள், கூடவே ஒரு நாதஸ்வரச் செட்டு! கேளுங்கள் கூத்தை, ராணி ஒரு தும்மல் போட்டால் ஐம்பது பேர் "நூறு வயசு!" என்றார்கள். பின்னாலேயே மேளமும் கொட்டியது.

நாலாவது சீட்டு வந்தது. அதே வரி.

ராஜாவுக்கு முகம் சிவந்துவிட்டது. "ஐம்பது பேரை வைத்துக்கொண்டு தனியாம்! பச்சைப் பொய்! நாளைக்குப் பல்லக்கைத் தயார் பண்ணுங்கள். அவள் பிறந்த வீட்டுக்கே போகட்டும்!" ராணி மேல் அவருக்கு உசிர். அவள் தன்னிடம் பொய் சொல்கிறாளே என்றுதான் ஆத்திரமெல்லாம்.

மந்திரி எழுந்தார். "மகாராஜா, லோன்லி, அலோன் என்கிற அந்த இரண்டு வார்த்தையும் ஒன்றில்லை என்று எனக்குப் படுகிறது."

"மந்திரியாருக்கு ஏபிசிடி தெரியுமோ?" என்று சிரித்தார் துபாஷி.

"தெரியாது. ஐம்பது பேர் போயும் நிற்காத வருத்தம் ஆள் குறைவால் வந்த வருத்தமில்லை, அது தெரியும். மகாராஜா இன்று சாயங்காலம் தூண்டிலோடு குளத்தங்கரைக்குத் தனியே போய்வர வேண்டும். நாளைக் காலைச் சபையை என்னிடம் விட வேண்டும். வித்தியாசத்தை நான் காட்டவில்லையென்றால் என் நாற்காலி துபாஷிக்கு."

துபாஷிக்கு வாயெல்லாம் பல். ராஜாவும் சம்மதித்தார்.

சாயங்காலம் குளத்தங்கரையில் ஒரு காக்கா குருவி இல்லை. ராஜா காலைத் தண்ணீரில் தொங்கப் போட்டுக்கொண்டு, பாட்டை முணுமுணுத்துக்கொண்டு, முழங்கை நீளத்துக்கு ஒரு விரால் பிடித்தார். அடேயப்பா, என்ன சந்தோஷம்!

மறுநாள் சபையில் இருநூறு பேர். எல்லாரும் முறையாகக் கும்பிட்டார்கள். ராஜா உட்கார்ந்ததும் உட்காராததுமாக, "நேற்று ஒரு விரால் பிடித்தேன் பாருங்கள், இத்தனை நீளம்!" என்று கையை விரித்தார்.

இருநூறு தலைகள் குனிந்தன. ஒரு வாய் திறக்கவில்லை.

ஒரு வேடிக்கைக் கதை சொன்னார். குனிந்தார்கள். இருமினார். வைத்தியர் மருந்துக் கிண்ணத்தை நீட்டிவிட்டு, என்ன ஏது என்று கேட்காமல் நகர்ந்தார். விசிறி வீசுகிறவன் வீசிக்கொண்டே இருந்தான். துபாஷிகூட, மந்திரி எல்லாருக்கும் சொல்லிவைத்தபடி, பதுமையாக நின்றார். நேரம் போகப் போக ராஜாவுக்குப் பொறுக்கவில்லை. சின்னப் பிள்ளை மாதிரி அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "யாராவது என்னோடு பேசுங்களேன்!" என்று கத்தியேவிட்டார்.

மந்திரி பக்கத்தில் வந்தார். "மகாராஜா இப்போது தனியாகவா இருக்கிறீர்கள்?"

"எங்கேயய்யா தனி? இருநூறு பேர் நிற்கிறார்களே!"

"நேற்றுக் குளத்தங்கரையில்?"

"அங்கே நான் மட்டும்தான். ஆனால் இப்படி இல்லையே. இப்படி..." ராஜா குனிந்திருந்த இருநூறு தலைகளையும் சுற்றிப் பார்த்தார்.

"நேற்று இருந்தது அலோன், மகாராஜா. இன்று இருப்பதைத்தான் ராணியார் நாலு வாரமாக எழுதுகிறார்."

ராஜா செருப்பைக்கூட மாட்டவில்லை. அந்தப்புரத்துக்கு ஓட்டமும் நடையுமாகப் போய், தோழிகளையும் மேளக்காரர்களையும் வெளியே அனுப்பினார். ராணி ஜன்னலோரம் பெட்டி கட்டிக்கொண்டிருந்தாள்.

"என் மேல் கோபமா?" என்றார்.

"எத்தனை பேரை அனுப்பினீர்கள்!" என்றாள் அவள். கண் நிறைந்திருந்தது. "அனுப்பாத ஆள் ஒருத்தர்தான்."

"வந்துட்டேன் வல்லி. என்னை மன்னிச்சுக்கோ" என்று ராஜா தரையிலேயே உட்கார்ந்தார். அவள் ஆறு மாசத்துப் பேச்சையும் பேசினாள். மத்தியானச் சாப்பாடு ஆறிப்போனது. இருவருக்கும் பசிக்கவே இல்லை.

பல்லக்கு கொட்டகைக்குத் திரும்பியது. துபாஷி தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்து நின்றார். "அர்த்தம் தெரியாதது தப்பில்லை ஐயா. தெரியாது என்று சொல்லாமல் விட்டீரே, அதுதான் தப்பு. இனி வெள்ளிக்கிழமைதோறும் ராணியிடம் சபைக்கு நடுவே உட்கார்ந்து பாடம் கேளும்" என்றார் ராஜா.

பிறகு மந்திரி பக்கம் திரும்பினார். "ஆவுடையப்பரே, என் வீட்டை வாழவைத்தீர். என்ன வேண்டும், கேளும். கிராமமா? முத்துமாலையா?"

மந்திரி கைகூப்பினார். "பத்து நாள் விடுப்புக் கொடுத்தால் போதும் மகாராஜா. ஊரில் சம்சாரத்தைப் பார்த்து ஒரு வருஷமாகிறது."

"அவ்வளவுதானா? உமது வீட்டிலிருந்து ஏதாவது கடுதாசி வந்ததா?"

"இல்லை மகாராஜா," என்றார் மந்திரி. "அவளுக்கு எழுதத் தெரியாது."